டூரிங் கொட்டகை ஆபரேட்டரின் நினைவைக் குறும்படமாக எடுப்பது பற்றி ஒரு கேள்வி

ஒற்றை ரீல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா 1970களில், வாலிப வயதில், தேனி வட்டாரத்து டூரிங் கொட்டகை ஒன்றில் ஆபரேட்டராகச் சேர்ந்து, அந்தக் கொட்டகை மூடப்படும் வரை அங்கேயே வேலை பார்த்தவர். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. அப்பாவுக்கு எழுபது கடந்துவிட்டது. பேச்சும் நடமாட்டமும் நன்றாகவே இருக்கின்றன. அவர் அங்கே கழித்த காலத்தைப் பற்றி ஒரு குறும்படம் எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஓர் ஆடி மாதத்து இரவில், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே காற்றும் மழையும் சேர்ந்து கொட்டகைக் கூரையைப் பிய்த்தெறிந்த சம்பவம்தான் படத்தின் மையம். ஒரு சமயம் சொல்லும்போது, மெஷினை நிறுத்திவிட்டு ரீல் பெட்டிகளைத் தானே தலையில் சுமந்து முதலாளி வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய் வைத்ததாகச் சொல்கிறார். இன்னொரு சமயம், பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது உதவிக்கு இருந்த பையன் என்றும், தான் மெஷினின் மேல் தார்ப்பாயைப் போர்த்தி அதைக் கட்டிப்பிடித்தபடி விடியும் வரை நின்றதாகவும் சொல்கிறார். அப்பா பொய் சொல்பவர் அல்லர். இரண்டையும் ஒரே உறுதியோடுதான் சொல்கிறார். இரண்டிலும் மாறாமல் வருவது ஒன்று உண்டு: திரைத்துணி கிழிந்து தொங்கியபோது, மெஷினில் எரியும் கார்பன் குச்சிகளின் வெளிச்சம் அதைத் தாண்டிப் போய் மழைத்தாரைகளின் மேல் விழுந்ததாகவும், ஓரிரு விநாடிகள் கதாநாயகியின் முகம் மழையிலேயே தெரிந்ததாகவும் சொல்கிறார்.

இவற்றில் எதைப் படமாக்குவது? நடிகர்களை வைத்து அந்த இரவை எடுப்பதா, அப்பாவையே பேசவைப்பதா? என் கையில் இருப்பவை மூன்று கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களும், எரிந்து மிஞ்சிய சில கார்பன் துண்டுகளும், ஒரு டிக்கெட் புத்தகமும் மட்டுமே. குறும்படம் எடுக்கும் நண்பர்கள், கடைசியில் ஒரு திருப்பம் இல்லாவிட்டால் எவரும் பார்க்க மாட்டார்கள் என்கிறார்கள். என் அப்பாவின் மேலும் அந்தக் கொட்டகையின் மேலும் எனக்கு இருக்கும் பிடிப்பு, அவரை அறியாத ஒருவருக்கு எதையாவது தருமா என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

காட்சிவழி எழுதியது:

வணக்கம். எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் நீண்ட காலமாகக் குறும்படங்களைத் திரையிட்டு வருபவன் என்ற முறையில், மூன்று புகைப்படங்கள்தான் இருக்கின்றன என்று நீங்கள் வருந்த வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர் 1962இல் வெளியிட்ட 'லா ஜெத்தே' ஏறத்தாழ 28 நிமிடம் ஓடும் படம். ஒரே ஓர் இடத்தைத் தவிர, முழுவதும் அசையாப் புகைப்படங்களால் ஆனது. சிறுவயதில் பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் கண்ட ஒரு பெண்ணின் முகம் மனத்தைவிட்டு அகலாத ஒருவனைப் பற்றியது அது. படுத்திருக்கும் அந்தப் பெண் கண் திறந்து இமைக்கும் சில விநாடிகள் மட்டும் அசைவாக வருகின்றன. அதுவரை நின்ற படங்களையே பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு, அந்த ஓர் இமைப்பு, நினைவில் இருந்தவள் உயிரோடு எழுந்து வந்ததைப் போன்ற அதிர்ச்சியைத் தருகிறது. எங்கள் சங்கத்தில் அந்தப் படத்தைத் திரையிடும்போதெல்லாம் அந்தக் கணத்தில் அரங்கில் ஓர் அசைவு எழுவதைக் கண்டிருக்கிறேன்.

உங்கள் மூன்று படங்களையும் அவசரமாகக் காட்டிக் கடந்துபோகாதீர்கள். ஒவ்வொன்றையும் நீண்ட நேரம் திரையில் நிறுத்தி, படத்தின் சட்டத்துக்கு வெளியே என்ன இருந்தது என்பதை அப்பாவின் குரலில் சொல்லவையுங்கள். டிக்கெட் கொடுத்த இடம், தரை டிக்கெட்டுக்கான மணல், மெஷின் அறையின் துவாரம் ஆகியவற்றைப் பார்ப்பவரே மனத்தில் கட்டிக்கொள்வார்.

ஆனால் இரண்டு விவரிப்புகளில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஹார்வர்டில் பணியாற்றிய உளவியலாளர் ஹூகோ மன்ஸ்டர்பெர்க், 1916இலேயே, திரைப்படத்தின் உத்திகள் மனத்தின் செயல்களை வெளியே எடுத்துக் காட்டுகின்றன என்று ஒரு நூலில் விளக்கினார். அண்மைக்காட்சி (குளோஸ்-அப்) நம் கவனத்துக்கு ஒப்பானது, முன்கதைக் காட்சி (ஃபிளாஷ்பேக்) நம் நினைவுக்கு ஒப்பானது என்பது அவர் வாதம். ஒரு நூற்றாண்டாகப் பார்வையாளர்கள் இந்த மொழியைப் பழகியிருக்கிறார்கள். சிறிய படத்தில் ஒரே இரவை இரண்டு விதமாகக் காட்டினால், மனம் உணர்ச்சியை விட்டுவிட்டு, எது உண்மை என்ற துப்பறிதலுக்குப் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் து பாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி, வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டப் புறப்பட்டார். அன்று அவர் காட்டியவற்றில் பெரும்பாலானவை சிறிய படங்கள்தாம். உங்கள் அப்பாவின் கொட்டகை அந்த வழியில் வந்தது. அதைக் குறும்படமாக எடுப்பது மிகப் பொருத்தமான காரியம்.

உளவியல் ஆசிரியை எழுதியது:

காட்சிவழி அவர்கள் புகைப்படங்களைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை ஏற்க முடியவில்லை. கல்லூரியில் நினைவாற்றல் பற்றிப் பாடம் எடுப்பவள் நான். முன்கதைக் காட்சி, நடந்ததை அப்படியே எடுத்து ஓட்டிக் காட்டுவதைப் போன்ற ஒரு நம்பிக்கையைத் தருகிறது. மனித நினைவு அப்படி இயங்குவதில்லை என்பது மன்ஸ்டர்பெர்க்குக்குப் பின் வந்த ஆய்வுகளில் மிக உறுதியாகத் தெரிந்துவிட்டது. கேம்பிரிட்ஜில் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில், வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படித்தவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது என்ன ஆகிறது என்று காட்டினார். கதை சுருங்கியது, விளங்காத பகுதிகள் உதிர்ந்தன, அவர்களுக்குப் பழக்கமில்லாதவை பழக்கமானவையாக மாறின. நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் நாம் சம்பவத்தைப் புதிதாகக் கட்டுகிறோம் என்பதே அவர் முடிவு. உங்கள் அப்பாவின் மனமும் அதைத்தான் செய்கிறது. ஒன்றில் அவர் ரீலைக் காப்பாற்றுகிறார், இன்னொன்றில் மெஷினைக் காப்பாற்றுகிறார். அந்த வேலையில் தமக்கு எது உயிராக இருந்தது என்பதை இரண்டிலும் சொல்லிவிடுகிறார். அதில் ஒன்றை வெட்டினால் அவரில் பாதியை வெட்டியதாக ஆகிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் அக்கறையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. படம் எடுக்கும் செயலே உங்கள் அப்பாவின் நினைவை மாற்றிவிடக்கூடும். 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் நடத்திய ஆய்வு குறும்பட இயக்குநர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது. ஏனெனில் அதில் பயன்பட்டதே ஒரு சிறிய படம்தான். கார் விபத்து ஒன்று வரும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான படத்தை 150 மாணவர்களுக்குக் காட்டினார்கள். பிறகு 50 பேரிடம், கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகத்தில் சென்றன என்று கேட்டார்கள். வேறு 50 பேரிடம், கார்கள் இடித்துக்கொண்டபோது என்ன வேகம் என்று கேட்டார்கள். மீதிப் பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று எல்லோரையும் கேட்டபோது, நொறுங்கியது என்று கேட்கப்பட்ட குழுவில் 16 பேரும், இடித்தது என்று கேட்கப்பட்ட குழுவில் 7 பேரும், பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

ஆகவே கேமராவை வைத்துக்கொண்டு, "ரீல் பெட்டியை நீங்கள்தானே தூக்கினீர்கள்?" என்று அப்பாவிடம் கேட்காதீர்கள். "அன்றைக்கு என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் முடிக்கும் வரை குறுக்கிடாமல் இருங்கள். புகைப்படங்களை முதலிலேயே அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால், அந்த இரவைச் சொல்வதற்குப் பதிலாக அவர் புகைப்படத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவார். குறிப்பாக, நடிகர்களை வைத்து எடுத்த காட்சியை அவரிடம் காட்டிவிட்டுப் பேட்டி எடுக்கவே வேண்டாம். அதன் பிறகு அவர் நினைவில் அந்த நடிகரின் முகம்கூட வந்து உட்காரலாம்.

மேசைப்பக்கம் எழுதியது:

கோவையில் படத்தொகுப்பு வேலை செய்கிறேன். விளம்பரங்களும் ஆவணப்படங்களும் என் மேசைக்கு வருகின்றன. இரண்டு விவரிப்புகளையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசிரியை அவர்கள் சொல்வது சரி. ஆனால் தொகுப்பில் அதற்கு ஒரு முளை அடிக்காவிட்டால், காட்சிவழி அஞ்சுகிற குழப்பம் வரவே செய்யும், அப்பாவைப் பார்வையாளர்கள் சந்தேகிக்கவும் தொடங்குவார்கள். உங்கள் பதிவிலேயே அந்த முளை இருக்கிறது. மழையில் தெரிந்த முகம் இரண்டிலும் மாறாமல் வருகிறதல்லவா? முதல் விவரிப்பு அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். இரண்டாவது விவரிப்பைத் தொடங்கி, அதே இடத்தில் மறுபடி கொண்டுவந்து சேருங்கள். ஒரே சொற்றொடரை ஒருவர் இரு வேறு நாட்களில் சொல்வதைக் கேட்கும்போது, பெட்டியை யார் தூக்கினார் என்பதை எவரும் கேட்க மாட்டார்கள். அந்த முகத்தைத் தயவுசெய்து கிராஃபிக்ஸில் செய்து காட்டாதீர்கள். கறுப்புத் திரையும் அவர் குரலும் போதும்.

அவர் பதில் சொல்வதற்கு முன் வரும் மௌனங்களை வெட்டாதீர்கள். வயதானவர்களின் பேட்டிகளைத் தொகுக்கும்போது, புதிதாக வேலைக்கு வருபவர்கள் முதலில் களைவது அந்த இடைவெளிகளைத்தான். பேச்சு விறுவிறுப்பாக நகர்வதாகத் தோன்றும், ஆனால் நினைத்துப் பார்க்கும் மனிதர் காணாமல் போய், மனப்பாடமாக ஒப்பிப்பவர் மிஞ்சுவார். யாரும் பேசாதபோது அறையில் கேட்கும் வெற்று ஒலியை ஒரு நிமிடமாவது தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்; மௌனங்களை ஒட்டும்போது அது இல்லாமல் முடியாது.

என் மனத்தில் இருக்கும் முக்கியமான யோசனை இது. எங்கிருந்தாவது பழைய 35 மி.மீ. புரொஜெக்டர் ஒன்றைத் தேடி, அப்பாவின் முன்னால் வைத்துவிட்டு, அவர் கைகளை மட்டும் எடுங்கள். ஃபிலிம் மாட்டுவது எளிய வேலை அன்று. மேல் ஸ்பூலில் இருந்து இழுத்து, பல்சக்கரத்தில் கோத்து, ஃபிலிம் வெளிச்சத்தின் முன் வந்து நிற்கும் இடமான 'கேட்'டுக்கு மேலேயும் கீழேயும் வளையமாகத் தளர்வு விட வேண்டும். அந்தத் தளர்வு குறைந்தால் ஃபிலிம் கிழியும். கார்பன் குச்சிகள் எரிய எரிய இடைவெளி கூடும் என்பதால், ஆபரேட்டர் அவ்வப்போது அவற்றை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனை ஆண்டுகள் கழித்து அந்த விரல்கள் என்ன செய்கின்றன என்று பார்க்க எனக்கே ஆவலாக இருக்கிறது.

ஒற்றை ரீல் எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. எங்கள் பக்கத்து ஊரில் மூடிக்கிடக்கும் ஒரு தியேட்டரின் உரிமையாளர் பழைய மெஷினை விற்காமல் வைத்திருக்கிறார். கேட்டால் மறுக்க மாட்டார். ஆனால் அப்பா, "எல்லாம் மறந்துபோச்சுப்பா" என்று மெஷினைப் பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம் சொல்கிறார். அவரை அங்கே அழைத்துப்போய், கை ஓடாமல் அவர் மனம் நொந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை எனக்கு உண்டு.

உளவியல் ஆசிரியை எழுதியது:

உங்கள் கவலை நியாயமானது. அவருடைய விருப்பத்தைக் கேட்டுவிட்டே அழைத்துச் செல்லுங்கள். எனினும், வாய் மறந்ததைக் கை மறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வலிப்பு நோய்க்காக 1953இல் மூளையில் அறுவை சிகிச்சை செய்யப்பட்டு, அதன் பின் புதிய நிகழ்ச்சிகளை நினைவில் நிறுத்தும் திறனை இழந்த ஒரு நோயாளியைப் பற்றி உளவியல் படித்தவர்கள் அனைவரும் அறிவார்கள். கனடாவின் உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: நட்சத்திர வடிவம் ஒன்றைக் கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி அதன் விளிம்பைப் பென்சிலால் வரைந்து செல்ல வேண்டும். அவர் மூன்று நாள் அதைச் செய்தார். முந்தைய நாள் அதைச் செய்த நினைவே அவருக்கு இருக்கவில்லை, ஆனால் கை மட்டும் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே போனது. நிகழ்ச்சிகளின் நினைவும் கைத்தொழிலின் நினைவும் மூளையில் வெவ்வேறு வழிகளில் தங்குகின்றன என்பதற்கு அது முதல் வலுவான சான்றாயிற்று. உங்கள் அப்பாவிடம், "எப்படி மாட்டுவீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்காமல், ஃபிலிமைக் கையில் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள். கை தடுமாறினாலும் அதுவும் படத்துக்கு உரியதே. ஆனால் அதை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கு இருக்கட்டும்.

பனிமூட்டம் எழுதியது:

அனிமேஷன் வேலை செய்பவன் என்பதால், யாரும் இன்னும் தொடாத, உங்கள் முதல் பதிவின் கடைசிக் கேள்விக்கு மட்டும் என் பதிலைத் தருகிறேன். குறும்படத்துக்குத் திருப்பம் வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குனர்' போட்டியில் இருந்து கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி போன்றவர்கள் வந்து, 'பீட்சா' 2012இலும் 'சூது கவ்வும்' 2013இலும் வெற்றி பெற்றபோது, குறும்படம் என்பது தயாரிப்பாளரிடம் காட்டும் அறிமுகச் சீட்டு என்ற நிலை வந்தது. சில நிமிடங்களில் திறமையை நிரூபிக்க வேண்டியவருக்குத் திருப்பம் கைகொடுக்கும். அவர்களில் பலர் அருமையாகவே செய்தார்கள். உங்கள் தேவை வேறு. நீங்கள் யாரிடமும் எதையும் நிரூபிக்கப் போவதில்லை.

ரஷ்ய இயக்குநர் யூரி நோர்ஷ்டைனின் 'கதைகளின் கதை' 1979இல் வந்தது. 30 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். போருக்குப் பிந்தைய மாஸ்கோவில் அவர் வளர்ந்த பழைய குடியிருப்பு, அங்கே கேட்ட ஒரு தாலாட்டு, அந்தத் தாலாட்டில் வரும் சாம்பல் நிற ஓநாய்க்குட்டி, போருக்குப் போய்த் திரும்பாத ஆண்கள், தையல் இயந்திரம், பனியில் கிடக்கும் ஆப்பிள்கள் ஆகியவைதாம் அதில் இருக்கின்றன. தொடக்கம், சிக்கல், முடிவு என்று எடுத்துச் சொல்ல அதில் கதை கிடையாது. ஒன்றை நினைக்க இன்னொன்று வருவதைப் போலக் காட்சிகள் வருகின்றன. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த வாக்கெடுப்பில், உலக அனிமேஷன் படங்களில் சிறந்ததாக அது தேர்ந்தெடுக்கப்பட்டது. மாஸ்கோவை ஒருமுறையும் பார்த்திராதவன் நான். ஆயினும் நெருப்பருகே அந்த ஓநாய்க்குட்டி உருளைக்கிழங்கைச் சுட்டு, சூடு பொறுக்காமல் கைமாற்றி ஊதித் தின்னும் காட்சியில், எங்கள் வீட்டு அடுப்பங்கரையின் கதகதப்பை உணர்கிறேன். அவர் எல்லோருக்கும் பொதுவான குழந்தைப்பருவம் ஒன்றைத் தேடிப் போகவில்லை. தம் வீட்டின் விளக்கையும் தரையையும் அத்தனை துல்லியமாக வைத்தார். அந்தத் துல்லியம்தான் என்னிடம் வந்து சேர்ந்தது.

அவருடைய 1975ஆம் ஆண்டுப் படமான 'மூடுபனியில் முள்ளெலி'யில் வரும் பனியை எப்படிச் செய்தார் என்பதையும் பாருங்கள். காட்சியின் மேல் மிக மெல்லிய தாளை வைத்து, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதைக் கேமராவை நோக்கிச் சிறிது சிறிதாக உயர்த்தினார். பின்னால் இருப்பவை மங்கி வெண்மையில் கரைந்தன. பிடிப்பு என்று நீங்கள் சொல்வது திரையில் தெரிவது இப்படிப்பட்ட பொறுமையின் வழியாகத்தான். அப்பாவை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று பின்னணிக் குரலில் நீங்கள் சொன்னால் அது உங்களோடு நின்றுவிடும். அந்தக் கார்பன் துண்டுகளில் விரல் பட்டுத் தேய்ந்த இடம் எது, அவர் அவற்றை எந்தத் துணியில் முடிந்து எங்கே வைத்திருக்கிறார், எடுத்துக் காட்டும்போது எப்படிப் பிடிக்கிறார் என்று கேமரா அருகே போய்ப் பார்த்தால், முன்பின் தெரியாதவரும் உங்களோடு சேர்ந்து பார்ப்பார்.

ஒற்றை ரீல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடிகர்களை வைத்து எடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். முதலில் வீட்டுத் திண்ணையில் அப்பாவின் பேச்சை ஒலியாக மட்டும் பதிவு செய்யப்போகிறேன். சில வாரங்கள் கழித்து, கேமராவோடு அதே இரவை மறுபடி சொல்லக் கேட்பேன். அதற்குப் பிறகே புகைப்படங்களைக் கையில் கொடுப்பேன். இறுதியாக, அவர் சம்மதித்தால், தியேட்டர் மெஷின். படம் 11 நிமிடத்துக்குள் இருக்கும்; 1,000 அடி ரீல் ஒன்று அவ்வளவு நேரம்தான் ஓடும் என்று அப்பா சொல்லியிருக்கிறார், அந்த அளவு அவருக்குப் பிடிக்கும். ஒரு சிறிய சந்தேகம்: மெஷின் ஓடும்போது திரையில் விழும் வெளிச்சத்தை டிஜிட்டல் கேமராவில் எடுத்தால் மினுக்கல் வருமா?

மேசைப்பக்கம் எழுதியது:

வரும். வழக்கமாக ஒரு ஃபிரேமுக்கு இரண்டு தடவை வெளிச்சம் விழும்படி புரொஜெக்டரின் ஷட்டர் அமைந்திருக்கும். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் 48 தடவை ஒளி வந்து வந்து போகும். கேமராவை 24 ஃபிரேமில் வைத்து, ஷட்டர் வேகத்தை 1/48 விநாடியில் வைத்துப் பாருங்கள். கேமராவில் அந்த எண் இல்லாவிட்டால் 1/50க்குப் போகாமல் 1/24ஐ முயன்று பாருங்கள். பழைய மெஷினின் மோட்டார் சீராக ஓடாது என்பதால் அப்போதும் சற்று அலைபாயும். ஆகவே அப்பா வருவதற்கு முதல் நாளே போய், வீணான ஃபிலிம் துண்டு ஒன்றை ஓட்டி, சோதனை எடுத்துப் பார்த்துவிடுங்கள். மெஷினின் ஓசையைத் தனி மைக்கில் அருகில் வைத்துப் பதிவு செய்ய மறக்க வேண்டாம். மெஷின் அறைக்கு வெளியில் இருந்து ஒரு தடவையும் உள்ளே இருந்து ஒரு தடவையும் எடுத்துக்கொள்ளுங்கள். தொகுப்புக்கு உதவி தேவைப்பட்டால் எழுதுங்கள், நான் செய்து தருகிறேன்.